இசைத்தட்டை விட்டு வெளியே வந்தவர்கள்

போத்தனூர் ரயில்வே காலனிக்குப் பின்னால் இருக்கும் மாதா கோயில் வீதியில், மேபல் வீட்டு இசைத்தட்டிலிருந்து அறிவிப்பாளர் வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனங்கள் வீடு திரும்பி, ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் கறி கொதித்து, வீதி முழுக்க மல்லித்தூள் வாசம் நிறைந்திருந்த நேரம். வந்தவர் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு உட்காரலாமா என்று இங்கிலீஷில் கேட்டார். மேபலின் புருஷன் சதாசிவம் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், வீடு தேடி வந்த எவரையும் நிற்க வைத்துப் பேசிப் பழகாதவர். கண்ணுக்கு யாரும் தெரியவில்லையே என்பதையெல்லாம் யோசிக்காமல் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்றார். நாற்காலி கிறீச்சிட்டது. சதாசிவம் உள்ளே திரும்பி, இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொன்னார்.

அந்தத் தட்டு வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

மேபலின் அப்பா லயனல் ரொசாரியோ நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். வேலை முடிந்து, தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விட்டால் அவர் காலனி ஜாஸ் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். மேபல் தொட்டிலில் கிடந்தபோதே ஜோலார்பேட்டைக்கு மாற்றலாகிப் போய், அங்கே மஞ்சள் காமாலை கண்டு இறந்துவிட்டார். அம்மா வேறொருவரைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டவள் லயனலின் தங்கை ஐவி. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் கல்யாண கவுன் தைத்துக் கொடுத்து, தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்ளாமலே கிழவியானவள். அப்பாவின் போட்டோ மேபலிடம் இருந்தது, தொப்பி இருந்தது, கிளாரினெட்டை மட்டும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய சத்தம் என்று பூமியில் மிஞ்சியது அந்த ஒரு தட்டுதான்.

மெட்ராஸில் ஒரு தேயிலைக் கம்பெனி அந்தக் காலத்தில் வானொலி நிகழ்ச்சி நடத்தியது. அதில் வாசிக்கக் காலனி பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒலிபரப்பானதை அப்படியே ஒரு தட்டில் பதிந்து பேண்டுக்காரர்களுக்கு நினைவாகக் கொடுத்தார்கள். முள்ளை வைத்தால் முதலில் பியானோ வரும், டிரம்ஸ் மெல்ல வந்து சேரும், பிறகு ஒருவர் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்கும், அது லயனல். அவர் ஊதத் தொடங்கின அதே நொடியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்குவார். அந்தத் தேயிலையின் நிறம், அதன் மணம், அது விளையும் மலையில் விடியும் அழகு, அதைக் கோப்பையில் ஊற்றித் தரும் சீமாட்டிகளின் விரல் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அது போதாதென்று ஒரு பெண்குரல் வேறு பாடும். இரண்டுக்கும் அடியில் கிளாரினெட், நெரிசல் பஸ்ஸில் ஏறிய குள்ளமான ஆள் போல, எங்கேயோ இருக்கும். தேயிலைப் பேச்சு முடியும்போது பாட்டும் முடிந்திருக்கும். கடைசியாக அப்பாவின் இரண்டு சுரம் தனியாகக் கேட்கும், பிறகு கைதட்டல்.

ஒரு மூச்சும் இரண்டு சுரமும். அதுதான் மேபலுக்கு அப்பா. ஐம்பது வயது வரைக்கும் அதை வைத்துக்கொண்டுதான் அவள் வாழ்ந்தாள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். குறுக்கே வருகிறவர்களை ஜன்னல் வழியாகத் திட்டியே பழகிய வாய் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைப் போட்டுவிட்டு அறிவிப்பாளரை அதே வாயால் திட்டுவாள். அவரை முடித்துவிட்டுப் பாட்டுக்காரியிடம் போவாள். யார் கூப்பிட்டது இந்தப் பொம்பளையை, அப்பா வாய் திறக்கும்போதெல்லாம் குறுக்கே வந்து கத்துகிறாளே என்பாள். ஐவி ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தபடி, யாரோ பாவம் விடு மகளே என்பாள். ஐவிக்குத் தேய்ந்துபோன, கரகரத்த குரல். கோயிலில் பாட்டு நேரத்தில்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பாள்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வைத்துப் பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்கிற ஒருவரிடம் ஒரு முறை தட்டைக் கொண்டுபோனாள். அவர் அறிவிப்பாளரை உரித்து எடுத்தார். காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்த்தால் முடியும் சேர்ந்து வருவது போல, கிளாரினெட்டும் அவரோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மேபல் யாரிடமும் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் விட்டு எழுந்த சோர்வு. திட்டத் தெம்பில்லை. அதனால், பள்ளிக்கூட வாசலில் வழியை மறித்து நிற்கும் பெற்றோரிடம் பேசுகிற குரலில், தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், நீங்க கொஞ்ச நேரம் வெளியே வந்து உக்காருங்க. எங்கப்பா வாசிக்கட்டும்."

இத்தனை வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்டதும் வந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து இசைத்தட்டை மறுபடி போட்டார்கள். தேயிலைப் பேச்சு போயிருந்தது. அப்பா வாசித்தார். மேபல் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. ஏனென்றால் பாட்டுக்காரி இன்னும் உள்ளேயே இருந்தாள். அப்பா இரண்டு வரி வாசிப்பார், அவள் ஒரு வரி பாடுவாள், அப்பா நிறுத்திவிடுவார். மறுபடி தொடங்குவார், மறுபடி அவள் வருவாள். பார்த்தீங்களா, விடவே மாட்டேங்கறா என்றாள் மேபல். ஐவி ஆன்ட்டி பாத்திரம் கழுவப் போய்விட்டிருந்தாள்.

அறிவிப்பாளரை வீதி ஏற்றுக்கொண்ட விதத்தை இன்றைக்கும் சொல்வார்கள். முதல் சில நாட்கள் அவர் வாசலில் பிரம்பு நாற்காலியிலேயே இருந்து, கேட்டைத் திறக்கிற எல்லோரையும் இங்கிலீஷில் அறிவித்தார். பால்காரர் வருவதற்கு முன்னால் பால்காரர் வருகிறார் என்பது தெரிந்துவிட்டது. பிறகு காற்றில் வந்த தமிழையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து கொஞ்சம், மண்டி லாரிக்காரர்களிடமிருந்து கொஞ்சம், பங்குச் சாமியார் சேசுராஜின் பிரசங்கத்திலிருந்து கொஞ்சம். ஆகவே அவருடைய தமிழ், அன்பார்ந்த நேயர்களே என்று தொடங்கி, வந்துபோட்டாருங்க என்று முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. புதிதாகக் குடிவந்தவர் பாஷை கற்றுக்கொள்கிறார், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். வீதியில் அவருக்கு ரேடியோக்காரர் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைக் கேட்டபோது, என் பெயரைச் சொல்வது என் வேலை இல்லை என்றார்.

அந்த வீதியைக் கூட்டுகிறவளை எல்லோரும் ஏம்மா என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். ரேடியோக்காரர் அவளிடம் மட்டும் ஒரு நாள் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திருப்பத்தில் வந்ததும் அவர் குரல் எழுந்தது. "அன்பார்ந்த நேயர்களே, இப்பொழுது நம் வீதிக்குள் வருகிறார், சுந்தராபுரத்தைச் சேர்ந்த திருமதி மாராத்தாள் அவர்கள். இந்த வீதியை இவ்வளவு நாளும் பெருக்கியவர் இவர்தான்." மாராத்தாள் வண்டியை நிறுத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் போல நடந்து வந்தாள். அன்றிலிருந்து அவளை ஏம்மா என்று கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை.

எதிர்ச்சாரியில் ஆறுச்சாமியும் அவர் தம்பி வெள்ளியங்கிரியும் நடுவில் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு, அப்பன் செத்த நாளிலிருந்து பேசாமல் இருந்தார்கள். ரேடியோக்காரருக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு, அண்ணன் இப்பொழுது தனியாகச் சாப்பிட உட்காருகிறார் என்று இந்தப் பக்கமும், தம்பி இப்பொழுது அண்ணன் இருமுவதைக் கேட்டுவிட்டுக் கை கழுவாமலே இருக்கிறார் என்று அந்தப் பக்கமும் அறிவித்தார். கொஞ்ச நாள் இதைக் கேட்டுச் சகித்த பிறகு வெள்ளியங்கிரி இருமல் மருந்து பாட்டிலைச் சுவர் மேல் கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல் அந்தச் சுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சங்கடங்களும் இல்லாமல் இல்லை. சதாசிவம் பின்கட்டில் பீடி பற்றவைப்பது வீதிக்கே அறிவிக்கப்பட்டது, அதோடு அவர் பீடியை விட்டார். பரீட்சையில் தோற்றவர்கள் பின்வாசல் வழியாக வர முயன்றார்கள். ரேடியோக்காரர் அவர்களை, அடுத்த முறை எழுதப்போகிறவர் என்று அறிவித்தார். தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்கள் ஆட்டோவோடு வந்து அவரைக் கூப்பிட்டார்கள். நடக்கிறதையும் நடக்கப்போகிறதையும் மட்டும்தான் சொல்லுவேனுங்க என்று அவர் பணிவாகச் சொன்னார். அவர்கள் இரண்டு தெரு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். சேசுராஜ் சாமியார் முதலில், இவருக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று கவலைப்பட்டார். எதில் தண்ணீரை ஊற்றுவது என்பது பிடிபடாததால் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம் என்று பூசைக்குப் பிறகு வாசிக்கிற ஓலைகளை அவரிடம் ஒப்படைத்தார். அந்தக் கோயிலில் முதன்முறையாக, கடைசி அறிவிப்பு முடிகிற வரைக்கும் யாரும் செருப்பைத் தேடி எழுந்து போகவில்லை.

ஒரே ஒருத்தியை மட்டும் அவர் அறிவிக்கவில்லை. ஐவி ஆன்ட்டி கேட்டைத் திறந்தால் அவர் தொண்டையைச் செருமுவார், பிறகு நாற்காலி கிறீச்சிடும், எழுந்து நிற்கிறார் என்று தெரியும், ஆனால் சத்தம் வராது. மேபல் ஒரு நாள் ஏனென்று கேட்டாள். அந்த அம்மா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். மேபல், ஆன்ட்டிக்கு எப்போதும் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

மேபலுக்குள் ஓர் ஆசை வளர்ந்துகொண்டே இருந்தது. பாதி அப்பா கிடைத்தவளுக்கு மீதியும் வேண்டியிருந்தது. பாட்டுக்காரியும் ஒதுங்கிவிட்டால் அப்பாவின் வாசிப்பைக் குறுக்கீடு இல்லாமல் முழுசாகக் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் வருவார்கள் என்பதுதான் இப்போது தெரிந்துபோயிற்றே. ஒரு நாள் மத்தியானம், வேனை நிறுத்திவிட்டு வந்து, கைகால் கழுவி, தட்டை ஓடவிட்டு, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சதாசிவம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் ரேடியோக்காரர், அம்மா வேண்டாமே என்று ஒரு முறை சொன்னார். அவர் குரலில் அறிவிக்கிற முறுக்கு இல்லாததால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மா, உங்க மேல எனக்குக் கோபமில்ல," என்றாள் தட்டிடம். "நீங்க யாரோ எவரோ. ரொம்ப நாளா அங்கேயே பாடிட்டு இருக்கீங்க. நீங்களும் கொஞ்சம் வெளியே வந்துடுங்களேன்."

பாட்டு தட்டில் நின்றது. சமையலறையில் தொடர்ந்தது.

ஐவி ஆன்ட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீருக்குள் இருந்தது. அவளுடைய சுருங்கிய வாயிலிருந்து, இருபது வயதுப் பெண்ணின் குரல், மழை நின்றதும் ஓட்டிலிருந்து வடிகிற தண்ணீர் போலத் தெளிவாக, விட்ட இடத்திலிருந்து அந்த இங்கிலீஷ் வரியைப் பாடி முடித்தது. பாடியது யார் என்று ஐவியே திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் மேபல் நின்றாள். சதாசிவம் பேப்பரை மடித்து வைத்தார்.

மேபலுக்குள் ஐம்பது வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கத்துகிறாள் என்று சொன்னது, யார் கூப்பிட்டது என்று கேட்டது, தொண்டையில் அடைத்துச் சாக மாட்டாளா என்று ஒரு முறை சொன்னது. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஓர் அவரைக்காய்க் கூடை இருந்தது.

"ஏன் ஆன்ட்டி ஒரு நாளும் சொல்லல?" என்று கடைசியில் கேட்டாள்.

"சொல்றதுக்கு என்ன மகளே இருக்கு," என்றது அந்த இளம் குரல். "நீ சொன்னதெல்லாம் சரிதான். உங்கப்பாவோட வாசிப்பை நான்தான் கெடுத்தேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அன்றைக்கு லயனல் தனியாக வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. தேயிலைக் கம்பெனி ஆட்கள் வந்து, ஒரு பெண் பாடினால் நன்றாக இருக்கும், கூட வந்திருக்கிற அந்தப் பெண் பாடட்டும் என்றார்கள். மைக்கிற்கு ஒரு பக்கம் அவளையும் இன்னொரு பக்கம் அறிவிப்பாளரையும் நிறுத்தினார்கள். லயனல் பின்னால், வெகு தூரத்தில். அறிவிப்பாளரின் பேச்சு காதை நிறைத்ததில் அண்ணன் வாசித்தது ஒரு சுரம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. முடிந்ததும் லயனல் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். மெட்ராஸிலிருந்து போத்தனூர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரமே மாற்றல் உத்தரவு வந்தது, போனார், திரும்பவில்லை. லயனல் வாசித்ததைக் கேட்க விடாமல் பண்ணிவிட்டாளே என்று காலனியில் எல்லோரும் பேசினார்கள். பேசினவர்களெல்லாம் பிறகு வெளிநாடு போய்விட்டார்கள், இல்லையென்றால் கல்லறைக்குப் போய்விட்டார்கள். ஐவி அதற்குப் பிறகு பாடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அரிசியை உலையில் போட்டாள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

ஐவி ஆன்ட்டிக்குக் குமரிக் குரல் வந்திருக்கிறது என்ற செய்தியையும் வீதி வாங்கி வைத்துக்கொண்டது. யாருக்குமே அது அவ்வளவு பெரிய அதிசயமாகப் படவில்லை. பல் மறுபடி முளைத்தவர்களை, வழுக்கையில் முடி வந்தவர்களை அவரவர் ஊரில் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தக் குரலைக் கேட்க எல்லோருக்கும் ஆசை இருந்தது. கறிவேப்பிலை இருக்கிறதா, மணி என்ன ஆயிற்று, கவுனுக்கு எத்தனை கெஜம் வேண்டும் என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அவள் தலையை அசைத்தாள், அல்லது விரலைக் காட்டினாள். வந்தவர்கள் வருத்தத்தோடு கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போனார்கள். மாராத்தாள் மட்டும் எதையும் கேட்காமல் வந்து, படியில் உட்கார்ந்து, தன் மகள் சிந்தாமணிக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள்.

மேபல் தட்டைத் தொடவில்லை. பாட்டுக்காரி போய்விட்ட அந்தத் தட்டில் அப்பா முழுசாகக் காத்திருந்தார். வாழ்நாளெல்லாம் அவள் கேட்டது அதைத்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் போனாலே அவளுக்குக் கூசியது. வேன் ஓட்டும்போதும் யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள், மேபல் ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், மேபல் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். சதாசிவம் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பியானோ கேட்டது. ஐவி ஆன்ட்டி தானாகவே தட்டைப் போட்டிருந்தாள். அண்ணனின் வாசிப்பை, தன் குரல் குறுக்கே வராமல், தேயிலைப் பேச்சு இல்லாமல், ஒரு முறையாவது கேட்டுவிட்டுச் சாகலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

மேபல் கையில் துணியோடு உள்ளே வந்தாள், பின்னாலேயே சதாசிவமும் வந்தார். லயனல் வாசித்தார். இரண்டு வரி வாசித்து, நிறுத்தினார். தட்டில் பியானோவும் டிரம்ஸும் மட்டும் மெல்ல ஓடின. மறுபடி இரண்டு வரி, மறுபடி ஓர் இடைவெளி. இப்போது குறுக்கிட யாருமே இல்லை, ஆனாலும் அவர் நிறுத்தினார். நிறுத்தும் முன்னால் சத்தத்தைத் தாழ்த்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவர் போல ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடைவெளி முடிந்ததும், அங்கே யாரோ சொன்ன ஒன்றுக்குப் பதில் சொல்கிறவர் போலத் தொடங்கினார்.

ஐவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இது தனி வாசிப்பே இல்லை என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவர் தங்கைக்கு இடம் விட்டு, தங்கைக்குக் காது கொடுத்து, தங்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அவன் ரயில்ல பேசவே இல்லையே," என்றாள் ஐவி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. "போத்தனூர் வர்ற வரைக்கும் பேசலையே."

"எதுக்குப் பேசாம வந்தாருன்னு நமக்குத் தெரியாதுங்க ஆன்ட்டி," என்றார் சதாசிவம். வாளி இன்னும் அவர் கையில் இருந்தது. "ஆனா கோபமா இருக்கிற மனுசன் இப்படிக் காத்துட்டு நின்னு வாசிப்பாருங்களா?"

ஐவி மேசை விளிம்பை விட்டாள். முள்ளை எடுத்து, தட்டின் தொடக்கத்தில் மறுபடி வைத்தாள். பியானோ வந்தது, டிரம்ஸ் வந்தது, லயனல் மூச்சிழுத்தார், இரண்டு வரி வாசித்தார், சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐவி பாடினாள். முதல் வரி நடுங்கியது. அவர் பதில் சொன்னார். இரண்டாவது வரி நடுங்கவில்லை. மேபல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையிலிருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் வடிந்து தரையெல்லாம் பரவியது. அப்பாவைத் தனியாகக் கேட்டபோது கிடைக்காத ஒன்று, இருவரையும் சேர்த்துக் கேட்டபோது அவளுக்குக் கிடைத்தது. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அவளுக்குத் தெரிந்தது.

வீதி ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே கூடியிருந்தது. ஆறுச்சாமியும் வெள்ளியங்கிரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தட்டில் பழைய கைதட்டல் கேட்டபோது வெளியேயும் தட்டினார்கள், இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின. அப்போது பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. ரேடியோக்காரர் எழுந்தார். அன்பார்ந்த நேயர்களே என்றார். இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டது போத்தனூர் காலனி பேண்டு என்று சொல்லி, பியானோவில் இருந்தவர் பெயர், டிரம்ஸில் இருந்தவர் பெயர், கிளாரினெட்டில் லயனல் ரொசாரியோ, பாடியவர் அவர் தங்கை ஐவி ரொசாரியோ என்று ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் சொன்னார். தேயிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சில நாட்களில் அவர் கிளம்பிவிட்டார். பெரம்பூரிலும் பொன்மலையிலும் அரக்கோணத்திலும் அவர் பேசிய தட்டுகள் இருக்கின்றன, அங்கேயும் யாராவது மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், போய் வெளியே உட்கார வேண்டும் என்றார். சதாசிவம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். டிக்கெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பாசஞ்சர் ரயில் நகர்ந்தபோது, வண்டி புறப்பட்டுவிட்டது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னதாக மாராத்தாள் சொன்னாள்.

ஐவியின் குமரிக் குரல் நாளாக நாளாக, புது வேட்டி துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டுவது போல, அவள் வயதுக்கு வந்து சேர்ந்தது. கொஞ்சம் கனத்தது, கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சுருதி போகவில்லை. மேபல் வேன் ஓட்டப் போகும்போது அவளையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். குறுக்கே வந்தவர்களைத் திட்ட மேபல் வாயெடுத்தால், ஆன்ட்டி பாட ஆரம்பித்துவிடுவாள். போத்தனூரில் அந்த வேன் வருவதைத் தூரத்திலேயே கண்டுபிடித்தார்கள்.

சிந்தாமணியின் கல்யாண வரவேற்புக்கு ஜமால் பாயின் பேண்டு செட் வந்தது. சிந்தாமணியின் சேலைக்கு ரவிக்கை தைத்தது ஐவிதான். பந்தி நடந்துகொண்டிருந்த மத்தியான நேரத்தில் மாராத்தாள் வந்து, நீங்க பாடாம என் மக கல்யாணம் முடியாது ஆன்ட்டி என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் விட்டுவிட்டாள். ஜமால் பாய் கிளாரினெட்டை ஊதிப் பார்த்து, எந்தக் கட்டை என்று கேட்டார். ஐவி சொன்னாள். அந்த உயரம் வேண்டாங்கம்மா, தொண்டை தாங்காது என்றார். வாசிங்க தம்பி, நான் பாத்துக்கறேன் என்றாள்.

பிறகுதான் மேபலுக்கு ஒன்று உறைத்தது. பேர் சொல்ல ஆளில்லை. மண்டபத்தில் இலைச் சத்தமும் வாளிச் சத்தமுமாக இருந்தது. யாரும் மேடையைப் பார்க்கவில்லை. தான் போய்ச் சொல்லலாமென்று மேபல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அதற்குள் ஐவி மைக்கைத் தன் பக்கம் திருப்பி, விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என் பேர் ஐவி ரொசாரியோ," என்றாள். "சாப்பிடறவங்க சாப்பிடுங்க. நான் பாடறேன்."